ஒரு வருஷமும் ஒரு நாளும்

கோயில் வாசலில் எல்லோரும் சிலுவைக்குப் பின்னால் வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது மாலின் மட்டும் ஒதுங்கி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மரச்செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து, வாசற்படியோரம் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். வசந்தம் வந்துவிட்டது என்று பூசையில் சாமியார் சொன்னாரே தவிர, மண்ணுக்கு அது இன்னும் தெரிந்திருக்கவில்லை. உள்ளங்காலில் ஒட்டிய குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது. மூன்று நாளும் வெறுங்காலோடு, வரிசையில் கடைசி ஆளாக, மன்றாட்டுக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு வார்த்தை பேசாமல் எல்லை சுற்ற வேண்டும். தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்தில் அலன் சாமியார் அவளுக்குக் கொடுத்த தண்டனை அது. என்ன பாவம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாதது போல எல்லோரும் இருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

"என்னக்கா, காலு மட்டும் முன்னாடியே மோட்சத்துக்குப் போகுதா?" என்று அவள் காதோரம் கேட்டுவிட்டு முன்னால் நகர்ந்தாள் பெர்னெல். அவள் பார்லிக் கள் காய்ச்சி விற்கிறவள். பெருஞ்சாவு என்ற கொள்ளைநோய் வந்து ஊரில் பாதிக்கு மேல் வாரிக்கொண்டு போன பிறகும் கொஞ்சம் சிரிப்பை மிச்சம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். மாலின் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள், சிரிப்பு வந்துவிடாமல் இருக்க.

ஈஸ்டர் முடிந்து ஐந்து வாரம் கழித்து வரும் திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் மன்றாட்டு நாட்கள். சிலுவையும் மணியும் முன்னால் போக, ஊர் மொத்தமும் தன் எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று சுவிசேஷம் வாசித்து, விதைத்த வயலை ஆசீர்வதிக்க வேண்டும். திங்களன்று குன்றுப் பக்கம், செவ்வாயன்று ஓடைப் பக்கம், புதனன்று காட்டுப் பக்கம். அந்தக் காலத்தில் சிலுவை குன்றின் உச்சிக்குப் போன பிறகும் வரிசையின் வால் கோயில் வாசலிலேயே கிடக்கும். பெருஞ்சாவுக்குப் பிறகு இது நான்காம் வருஷம். இப்போது வால் என்று சொன்னால் மாலின்தான். அவளுக்கும் சிலுவைக்கும் நடுவே நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான்கு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பட்டுக்கொடி பெட்டியை விட்டு வெளியே வந்தே நான்கு வருஷமாயிற்று. தூக்கத் தோள் இல்லை. போகிற வழியில் கூரை இறங்கிய வீடுகளைத் தாண்டும்போது ஒருவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு வீட்டு அடுப்புக்குள் இலந்தை மாதிரி ஏதோ ஒரு முள்செடி முளைத்து ஆளுயரம் நின்றது. அது மாலினின் தங்கை வீடு.

மாலினுக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும் பத்தே நாளில் போனார்கள். மூத்தவள் சிபில் மட்டும் மிஞ்சினாள். தாயும் மகளும் ஒரே கட்டிலில், ஒரே கம்பளிக்குள், குளிருக்கும் பயத்துக்கும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் தூங்கினார்கள். அந்தச் சிபில்தான் போன வருஷம் இதே மன்றாட்டுத் திங்களன்று, ஊர் முழுக்கக் குன்றின் மேல் இருந்தபோது, ஓடையைத் தாண்டிப் பட்டணத்துக்கு ஓடிப் போனாள்.

காரணம் இதுதான். பண்ணையாளாகப் பிறந்தவர்கள் மண்ணோடு சேர்ந்தவர்கள். நிலம் கைமாறினால் கிணறும் மரமும் கைமாறுவது போல அவர்களும் கைமாறுவார்கள். ஊரை விட்டுப் போக, நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் மாளிகையிலிருந்து உத்தரவு வேண்டும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் வேண்டும். ஆனால் சாவுக்குப் பிறகு மாளிகையின் உத்தரவுக்கு முன்பிருந்த கனம் இல்லை. பக்கத்துப் பண்ணையில் அன்றன்றைக்குக் கூலி கொடுத்து, மத்தியானம் சூடாக மொச்சைக் கஞ்சியும் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கலப்பையை வயலிலேயே சாய்த்துவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. பிரபுவுக்கும் இரண்டு மகன்கள் அதே வியாதியில் போனவர்கள்தான். மாளிகைக் கூரையிலும் ஒழுகுகிறது என்று பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள் சொன்னார்கள். இருக்கிற ஆளையாவது கட்டிப்போட வேண்டும் என்று அவர் ஓர் உத்தரவு போட்டார். பெண்ணில்லாத வீடுகளுக்கு, கல்யாணமாகாத பெண்களையும் விதவைகளையும் வாரின் என்ற மணியக்காரர், யாருக்கு யார் என்று பேர் சொல்லி ஒதுக்க வேண்டும். சிபிலுக்கு வந்த பேர் ரால்ஃப். நாற்பத்து நான்கு வயது, தாயில்லாத மூன்று குழந்தைகள். ரால்ஃப் கெட்டவன் இல்லை. மாலினுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

அந்த மன்றாட்டுத் திங்கள் காலையில் தண்ணீர் எடுத்துவரப் போன சிபில், தலையில் வேலிமுள் பூவைக் கொத்தாகச் செருகிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வேலியெல்லாம் பால் கொட்டின மாதிரி பூத்திருந்த நேரம். அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீட்டில் ஒரு சாவு விழும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான்கு சாவு பார்த்த வீடு வேறு. மாலினுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "புத்தி இருக்காடி உனக்கு? அந்த எழவ வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று கத்திவிட்டு, மேலங்கியை உதறிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலுக்கு வெளியே, கல்லின் மேல், அந்தப் பூங்கொத்து வைத்திருந்தது. உள்ளே கம்பளி மடித்திருந்தது. மகளிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். ஒரு வருஷமாக அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்து, வேறு ஏதாவது வார்த்தை போட்டு மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டணத்துக்கு ராஜா எழுதிக்கொடுத்த உரிமை ஒன்று உண்டு. ஓடிவந்த பண்ணையாள் யாரானாலும், மதிலுக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவன் யாருக்கும் ஆளில்லை. பிரபுவே வந்து நின்றாலும் அவனைத் தொட முடியாது. அதற்கு ஒரு நாள் முந்தி வெளியே கால் வைத்தால்கூட, கயிறு போட்டு இழுத்துவரலாம். நடுவில் ஒருமுறை மணியக்காரர் இரண்டு ஆளோடு பட்டணத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். வாசற்காவலன் சிரித்தான். சந்து வழியாகத் திரும்பும்போது எந்த மாடியிலிருந்தோ ஒரு வாளிக் கழிவுநீர் அவர் தொப்பி மேல் வந்து விழுந்தது. இதைப் பெர்னெல் நடித்தே காட்டினாள். சந்தைக்குக் கள் கொண்டுபோகிற அவள்தான் மாலினுக்குச் சேதி. சிபில் ஒரு சாயக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள், கை இரண்டும் முழங்கை வரை நீலம், தேய்த்தாலும் போகாது, இளைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சிபில் ஒரு முழம் நீல நூல் கொடுத்தனுப்புவாள். பெர்னெல் அதைத் தன் மோதிர விரலில் சுற்றிக்கொண்டு வந்து, கள் மொந்தையை நீட்டுகிற சாக்கில் மாலினின் விரலுக்கு மாற்றிவிடுவாள். அதெல்லாம் மாலினின் மேலங்கி மடிப்புக்குள் தைத்திருந்தது.

மாலினே போய்ப் பார்த்திருக்கலாம் என்றால், அதற்குத்தான் வழியில்லை. குளிர்கால ஆரம்பத்தில், வழக்கு விசாரிக்கிற பண்ணைக் கச்சேரி கூடியபோது அவளை நடுவில் நிறுத்தி, சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என்று சத்தியம் செய்தாள். மடிப்புக்குள் அப்போதே ஏழு நூல் இருந்தது. மகள் வரும் வரை ஓடையைத் தாண்டுவதில்லை, தாண்டினால் வீடும் நிலமும் மாளிகைக்கு என்றும் சொல்லவைத்தார்கள். வீடு போனால் மகள் எங்கே திரும்பி வருவாள்? அதனால் அவள் தாண்டவில்லை. கீழைக்காற்று அடிக்கிற நாளில் பட்டணத்து மணி மெலிசாகக் கேட்கும். நூற்றுக்கொண்டிருக்கிற கதிரை நிறுத்திவிட்டு அது முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். இதே மணிச்சத்தம் சிபில் காதிலும் விழுந்திருக்கும், இப்போது அவளும் தலையைத் தூக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு வருஷத்தில் மகளோடு சேர்ந்து அவள் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பொய்ச்சத்தியத்தை அலன் சாமியாரிடம் சொன்னபோதுதான் அவர் இந்தத் தண்டனையைக் கொடுத்தார். வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். "நடந்தா மட்டும் தீராதும்மா. ஊருக்கு முன்னால சொன்ன பொய்ய ஊருக்கு முன்னாலதான் திருப்பி எடுத்துக்கணும். எப்ப முடியுமோ அப்ப எடுத்துக்கோ" என்றார். சிபிலின் நாள் முடிந்த மறுநாளே செய்துவிடுகிறேன் என்று மாலின் ஒப்புக்கொண்டாள்.

அந்த நாள்தான் வந்துவிட்டது. மன்றாட்டுத் திங்களுக்குப் போனவள், இந்த மன்றாட்டுத் திங்களோடு ஒரு வருஷம், செவ்வாயோடு ஒரு நாள். செவ்வாயன்று சிலுவை ஓடைக்கரைக்கு வரும்போது எதிர்க்கரைக்கு வந்துவிடுகிறேன், எல்லோரும் பார்க்க நடந்தே வீட்டுக்கு வருவேன், ராத்திரி தங்குவேன் என்று பெர்னெலிடம் சொல்லியனுப்பியிருந்தாள் சிபில். மாலின் பட்டாணி ஊறப்போட்டிருந்தாள். பனிக்காலம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்த உப்புக்கண்டத் துண்டு உத்தரத்தில் தொங்கியது. கம்பளியை வேலியில் போட்டு இரண்டு நாள் காற்றாட விட்டாள். மணியக்காரர் வாரின்கூட போன வாரம் கிணற்றடியில் அவளைப் பார்த்து, முகத்தை இளக்கிக்கொண்டு சொன்னார்: "வருஷம் ஓடியே போச்சு பாத்தியா மாலின். இனி வந்தாலும் நான் என்ன பண்ண முடியும். வந்து பாத்துட்டுப் போகட்டும், பெத்த வயிறுதானே." அந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

குன்றின் பாதிவழியில் வரிசை நின்றது. சாமியார் கிழக்குப் பக்கம் திரும்பி சுவிசேஷம் வாசிக்க ஆரம்பித்தார். காற்று வார்த்தைகளை அள்ளிக்கொண்டு போனது. மாலின் தலை குனிந்து நின்றவள், வழக்கம் போல அந்தக் காலைநேரத்துக்கே போய்விட்டாள். வாசல், சிபிலின் தலை, வெள்ளைப் பூ. இந்தத் தடவை அவள் வரும்போது நானே ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போய்த் தலையில் வைத்துவிடுவேன், சாவு வந்தால் எனக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வேலியைப் பார்த்தாள்.

வேலி பச்சையாக இருந்தது. ஒரு பூ இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். இலைக்கு நடுவே ஊசித்தலை மாதிரி மொட்டு, கல்லுப்போல இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கத்து வேலியும் அப்படித்தான். இந்த வருஷம் குளிர் அதிகம், அதனால் தாமதம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அவள் மண்ணில் பிறந்து மண்ணிலேயே குனிந்து கிடந்தவள். போன வருஷம் இதே குன்றுக்கு வந்தபோது பார்லிப் பயிர் கணுக்காலுக்கு மேல் நின்றது. இன்று விரல் உயரம். ஆட்டுக்குட்டிகள் இன்னும் தாய்க்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தன. குயிலே இன்னும் கூவவில்லை. எல்லாமே ஒன்று சேர்ந்து தாமதமாகுமா? பேசக் கூடாது. கீழே இறங்கும் வரை அவள் எதையும் கேட்க முடியாமல், ஒவ்வொரு வேலியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் கோயில் தோட்டத்தில் சமாதானக் கள் குடிப்பார்கள். வருஷம் முழுக்கச் சண்டை போட்டவர்கள் அன்றைக்கு ஒரே மொந்தையில் வாய் வைத்துக் குடித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரால்ஃப் மாலினுக்கு எதிரே வந்து, மொந்தையை நீட்டினான். அவனுடைய கடைசிக் குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு கல்லறைச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த அலன் சாமியாரிடம் போனாள்.

"சாமி, வேலிமுள்ளு ஏன் இன்னும் பூக்கல?"

அவர் சிரித்தார். இந்த வருஷம் ஈஸ்டர் முன்னாடியே வந்துவிட்டது, அதனால்தான் அவளுக்கு அப்படித் தெரிகிறது என்றார். ஈஸ்டர் நிலாவைப் பார்த்து வருகிறது. அது முந்தினால் மன்றாட்டும் முந்தும். வேலிக்கு நிலாக் கணக்கு தெரியாது, அது வெயிலைப் பார்த்துப் பூக்கிறது.

"எத்தன நாள் முந்திருச்சு சாமி?"

அவர் இடது கை விரல்களை விரித்து, கட்டைவிரலால் கணுக்கணுவாகத் தொட்டுக்கொண்டு போனார். குருமடத்தில் படித்த கணக்கு. "பதினஞ்சு" என்றார். சொன்ன பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கட்டைவிரல் கடைசிக் கணுவிலேயே நின்றது.

"அப்ப மன்றாட்டுலருந்து மன்றாட்டு ஒரு வருஷம் இல்லையா?"

"இல்லம்மா." அவர் மொந்தையைக் கீழே வைத்தார். "இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. அதுக்கு மேல ஒரு நாள்."

தோட்டத்தின் அந்தப் பக்கத்தில் மணியக்காரர் வாரின் சண்டைக்காரர்கள் இருவருக்குக் கள் ஊற்றிக் கொடுத்து, தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கச்சேரிச் சுருள் இருக்கிறது. அதில் சிபில் ஓடிய நாள், பண்டிகையோடு தேதியும் சேர்த்து எழுதியிருக்கும். மாலினுக்குக் கிணற்றடிப் பேச்சு ஞாபகம் வந்தது. பெத்த வயிறுதானே. அந்த மனுஷனும் பண்ணையாளுக்குப் பிறந்தவர்தான். அறுப்புக்குள் பன்னிரண்டு ஆள் சேர்க்காவிட்டால் பிரபு அவரையும் கலப்பைக்கே அனுப்பிவிடுவார் என்று பேச்சு. அவள் கண்ணில் அவர் இன்னும் நல்லவராகவே தெரிந்தார். அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

சிபிலை வராதே என்று தடுக்கச் சொல்லிப் பெர்னெலிடம் ஓடினாள். பட்டணத்து வாசல் பொழுது சாய்ந்தால் மூடிவிடும், விடியற்காலையில் நான் கிளம்பினால் மணியக்காரர் என் பின்னாலேயே வருவார், நாளைக் கள்ளுக்கு நான்தானே பொறுப்பு என்று பெர்னெல் முதல்முறையாகச் சிரிக்காமல் சொன்னாள். "நீ சத்தம் போட்டுத் தடுத்தா, தெரியாதுன்னு பண்ணின சத்தியம் அங்கயே பொய்யாயிரும்க்கா. வீடு போயிரும். ஏதாவது ஜாடை காட்டு. அவ சூட்டிகையான பொண்ணு, புரிஞ்சுக்குவா." வீட்டுக்கு வந்து மாலின் ஊறின பட்டாணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது உப்பி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாத்திரத்தின் விளிம்பு வரை வந்திருந்தது.

செவ்வாயன்று வெயில் இருந்தது. வரிசை ஓடைக்கரையோரமாக வளைந்து வளைந்து போனது. மாலின் போகிற வழியில் ஒரு வேலிமுள் கிளையை ஒடித்து, விதவைகள் கட்டுகிற வெள்ளைத் தலைத்துணியில், நெற்றிக்கு மேல் தெரிகிற மாதிரி செருகிக்கொண்டாள். மொட்டு மட்டும்தான். முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கற்கள் போட்டுக் கடக்கிற இடத்துக்கு முன்னால், கரையோர ஆல்டர் மரப்புதரில் இரண்டு ஆட்கள் கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மன்றாட்டு நாளில் யாரும் வேலை செய்வதில்லை. அவர்கள் வெட்டியதாகக் குவியலும் இல்லை. ஒருவன் இடுப்பில் புதுக்கயிறு சுற்றியிருந்தது.

எல்லைக்கல்லில் சிலுவையை நட்டார்கள். மணி ஓய்ந்தது. சாமியார் புத்தகத்தைத் திறந்தார். அதே நேரம் எதிர்க்கரை மேட்டில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள், பிறகு முழு உருவம். நகரத்துப் பெண்கள் கட்டுகிற மாதிரி தலைத்துணியைப் பின்னால் முடிச்சிட்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிவில் கிட்டத்தட்ட ஓட்டமாக இறங்கினாள் சிபில். சதை போட்டிருந்தாள். நடையில் ஒரு அகலம் வந்திருந்தது. இடது பக்கம் தலையைச் சாய்க்கிற பழக்கம் அப்படியே இருந்தது. ஒரு வருஷமாக மாலின் மனசுக்குள் பார்த்துப் பார்த்து, தேய்ந்து போன முகம் அது. உண்மை முகம் அதைவிடச் சின்னதாக இருந்தது. கண் நிறைந்து அந்த முகமும் கலங்கிப் போயிற்று.

தண்ணீரோரம் வந்து சிபில் நின்றாள். நடுவே இருபத்தைந்து அடித் தண்ணீர் இருக்கும். கூட்டத்தில் தாயைத் தேடிக் கண்டுபிடித்தாள். மாலின் நெற்றிக் கிளையைத் தொட்டாள். பிறகு பக்கத்து வேலியைத் தொட்டாள். மறுபடியும் கிளையைத் தொட்டாள். கையை மெதுவாக ஆட்டினாள். இல்லை, இல்லை. சிபில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை முழுக்க நீலம்.

"அம்மா, அத வீட்டுக்குள்ள கொண்டு போயிராத" என்று இக்கரைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அவளும் அந்தப் பேச்சைத்தான் ஒரு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அது மாலினுக்கு இப்போதுதான் தெரிந்தது. வா என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம், சும்மா நின்றால் போதும், இன்னும் பத்துமூச்சில் அந்தத் தலை இவள் தோளில் இருக்கும். கயிறு பிறகு வரட்டும். ரால்ஃப் வீடு கூப்பிடு தூரம். தினமும் பார்க்கலாம். கள்ளத்தனமாக அந்த நினைப்பு வந்தது, வந்து உட்கார்ந்தும் கொண்டது. புதரில் கிளை வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மணியக்காரர் சிலுவையைப் பார்த்தபடி, ரொம்ப பக்தியாக, கை கட்டி நின்றார். சிபில் முதல் கல்லில் கால் வைத்தாள்.

"சிபில், வராத."

சாமியாரின் வாசிப்பு நின்றது. நாற்பது தலையும் திரும்பின.

"வருஷம் முடியலடி. ஈஸ்டர் முந்திருச்சு. மொட்டு வெடிக்கவே இல்ல பாரு. இன்னையிலருந்து இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. திரும்பிப் போ கண்ணு, ஓடு."

சிபில் கல்லின் மேலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வேலியைப் பார்த்தாள். இரு கரையிலும் பச்சையாகக் கிடந்த வேலியை இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். புதரிலிருந்து அந்த இரண்டு பேரும் தண்ணீர் வரை வந்துவிட்டார்கள். அவள் பின்னால் தாவிக் கரையேறினாள். செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்து, மிதந்து, கல்லில் முட்டி நின்றது.

மணியக்காரர் கத்தவில்லை. களைத்துப்போனவர் போலத்தான் கேட்டார். "அவ எங்கன்னு தெரியாதுன்னு புத்தகத்து மேல கை வச்சியே மாலின்."

"தெரியும்யா" என்றாள் மாலின். ஊரைப் பார்த்துச் சொன்னாள். "கை வச்ச அன்னைக்கும் தெரியும்."

பெர்னெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ரால்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. அலன் சாமியார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டி, சுவிசேஷத்தை முதல் வரியிலிருந்து, முன்னைவிட உரக்க, வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்கும்போது யாரும் நகரக் கூடாது. அந்த இரண்டு ஆட்களும் தண்ணீரோரத்திலேயே, ஒரு காலை முன்னால் வைத்தபடி, தலை குனிந்து நின்றார்கள்.

"நாளைக்குக் கச்சேரிக்கு வந்துரு" என்றார் வாரின், உதடு அசையாமல், தாழ்ந்த குரலில். "வரும்போது அடுப்ப அணைச்சிட்டு வா."

அடுப்பை அணைத்துவிட்டு வா என்றால் வீடு போயிற்று என்று அர்த்தம். மாலின் பட்டாணியை நினைத்தாள். உத்தரத்தில் தொங்குகிற உப்புக்கண்டத்தை நினைத்தாள். காற்றாட விட்டு வாசம் போன கம்பளி, வேலிமேல். அந்த வீட்டை இத்தனை நாள் எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். திரும்பி வர ஒரு வாசல் வேண்டும் என்றுதானே. திரும்பி வருகிறவள் அதோ நிற்கிறாள். வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. சாமியார் இன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று, அவசரமே இல்லாமல் வாசித்தார். எல்லோர் கண்களும் எதிர்க்கரைப் பெண்ணின் மேல்தான் இருந்தன. கடைசி ஆளை யாரும் பார்க்கவில்லை.

சிபில் போகவில்லை. ஓடு என்று சொல்லியும் ஓடாமல், ஒற்றைச் செருப்போடு, எதிர்க்கரை விளிம்பில் நின்று தாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அங்கே பார்க்கிறாள் என்று மாலினும் குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை தண்ணீர். எப்போது இறங்கினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக வெறுங்காலில் நடந்து மரத்துப்போன பாதத்துக்கு அந்தக் குளிர்கூட உறைக்கவில்லை. பாவாடை விளிம்பை ஓடை பிடித்து இழுத்தது. அடியில் கூழாங்கற்கள் வழுவழுவென்று நகர்ந்தன. நெற்றியிலிருந்த கிளை நழுவி விழுந்து, மொட்டும் இலையுமாக, மகளின் செருப்பு முட்டி நின்ற கல்லை நோக்கிப் போயிற்று. அவள் தலை நிமிர்ந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. முழங்கை வரை நீலமாக, விரல்களை விரித்து, தண்ணீருக்கு மேலே.